பாஷும் பாஷையும்

சென்னையில் 'பாஷ்' (posh), அதாவது மேல்தட்டு ரகம் என்ற ஆங்கிலச் சொல்லின் முக்கியமான வேலை, ஊரைக் கோடு போட்டுப் பிரிப்பது. போட் கிளப் பாஷ். பெசன்ட் நகர் பாஷ். அண்ணா நகரில் சில தெருக்கள் பாஷ், சில தெருக்கள் பரவாயில்லை ரகம். இப்படிச் சொல்லிக்கொண்டே வருகிறவர்கள் பேசின் பிரிட்ஜ் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதற்கு வடக்கே இருக்கிற தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: லோக்கல்.

யாருக்கும் அவரவர் ஊர் லோக்கல்தான். ஆனால் 'ஆள் கொஞ்சம் லோக்கல்' என்று சென்னையில் சொன்னால் அதற்கு அந்தப் பொருள் கிடையாது. பேச்சு, உடை, குடும்பம், தெரு, பல நேரம் சாதி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கீழே இறக்கி வைக்கிற சொல் அது. பாஷ் மேலே உட்கார வேண்டுமென்றால் லோக்கல் கீழே இருந்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்தே பிறந்த ஜோடி.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பிட் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, வீடு விற்பனை ஃப்ளெக்ஸ் என்று நாள் முழுக்க அடுத்தவர்கள் தருகிற மேட்டரை அடிப்பதுதான் பிழைப்பு. அதனால் எந்தச் சொல் எந்த வருடம் ஊருக்குள் நுழைகிறது என்பது என் கண்ணில் முதலில் படும். 'சகல வசதிகளுடன்' என்று வந்துகொண்டிருந்த வீட்டு விளம்பரங்களில் 'லக்சுரி' வந்தது. அப்புறம் 'பிரீமியம்'. இப்போது 'பாஷ் லொக்கேஷன்'.

இந்தச் சொல்லை நான் ஏன் இவ்வளவு தோண்டினேன் என்றால், என் தங்கைக்கு வீடு பார்த்த கதையால்தான். அவளுக்கு சிறுசேரியில் வேலை. தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் போய்வருவது உடம்புக்கு ஆகவில்லை. திருவான்மியூரில் ஒரு வாடகை வீட்டுக்காகத் தரகருக்கு போன் செய்தேன்.

"ஏரியா பக்கா பாஷ் சார். செக்யூரிட்டி, லிஃப்ட், பவர் பேக்கப் எல்லாம் இருக்கு. சுத்தி எல்லாம் டீசன்ட் ஃபேமிலிங்க."

வாடகை, அட்வான்ஸ் எல்லாம் ஒத்துவந்தது.

"இப்ப எங்க சார் இருக்கீங்க?"

"தண்டையார்பேட்டை."

"சொந்த ஊரே அதானா, இல்ல வேலைக்காக அங்க இருக்கீங்களா?"

"சொந்த ஊரே அதாங்க."

"சரி சார். ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. தங்கையின் சம்பளம் என்ன, என்ன படித்திருக்கிறாள், எதையும் அவர் கேட்கவில்லை. கட்டடத்தைப் பற்றிப் பேசுவதுபோல ஆரம்பித்த சொல் நாலு வரிக்குள் ஆளைப் பற்றியதாகிவிட்டது. சரி, இவ்வளவு அதிகாரம் இந்தச் சொல்லுக்கு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைப்பது கப்பல் கதை. இந்தியாவுக்கு வரும் பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பல்களில், வரும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் வெயில் படாமல் குளிர்ச்சியாக இருக்குமாம். காசுள்ள வெள்ளைக்காரர்கள் அந்த அறைகளைத்தான் கேட்டு வாங்குவார்களாம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து டிக்கெட்டில் 'பாஷ்' என்று முத்திரை குத்துவார்களாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகுமா? ஆனால் அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை யார் கைக்கும் கிடைத்ததில்லை. கப்பல் கம்பெனியின் ஆவணங்களிலும் அதற்கு ஆதாரம் இல்லை. 1918இல் பஞ்ச் என்ற லண்டன் நகைச்சுவை இதழில் வந்த ஒரு கேலிச்சித்திரத்தில், விமானப் படையில் இருக்கிற மகன் இந்தச் சொல்லைப் போட்டுப் பேசுகிறான். அப்படியென்றால் என்னடா என்று அம்மா கேட்கிறாள். அவன் இன்னொரு கொச்சைச் சொல்லைச் சொல்லி விளக்குகிறான். அதாவது பெரிய வீட்டு அம்மாவுக்கு அன்றைக்கு இந்தச் சொல்லே தெரியாது. கப்பல் கதை அச்சில் தலைகாட்டுவது அதற்கெல்லாம் பிறகு, 1930களில். சொல் புழக்கத்துக்கு வந்தபின் யாரோ கதை கட்டியிருக்கிறார்கள்.

கதை பொய்யானாலும் அதில் ஒரு பாதி எங்களுடையது. அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. மதராஸில் துறைமுகம் கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. அதற்கு முன் எப்பேர்ப்பட்ட கப்பலானாலும் கரைக்கு வர முடியாது. தூரக் கடலிலேயே நங்கூரம் போட வேண்டும். அங்கிருந்து கரைவரைக்கும் அலையைக் கடந்து ஆட்களைக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை. ஆணி அடித்த படகு இந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதைச் செய்ததும் ஓட்டியதும் இந்தக் கரையின் மீனவர்கள். கடல் கொந்தளித்து மசூலாகூடப் போக முடியாத நாளில் கட்டுமரத்தில் போவார்கள். கடிதங்கள் நனையாமலிருக்கக் கூம்புத் தொப்பிக்குள் வைத்துக் கட்டிக்கொள்வார்கள். எந்த உயர்ந்த அறையில் வந்த துரையும் கரை சேர இவர்களுடைய கையைத்தான் நம்பியாக வேண்டும்.

கப்பல் கதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மொழி அறிஞர்கள் சாத்தியம் என்று சொல்வது வேறு. ரோமானி மொழியில் 'பாஷ்' என்றால் பாதி. அதிலிருந்து அரைப் பென்னிக் காசுக்கு அந்தப் பெயர் வந்து, 19ஆம் நூற்றாண்டு லண்டன் தெருப் பேச்சில் சில்லறைக் காசு, பணம் என்று பொருள் விரிந்தது. பணம் இருக்கிறவன், மினுக்கிக்கொண்டு திரிகிறவன் என்று அங்கிருந்து இன்றைய பொருளுக்கு வந்திருக்கலாம் என்கிறார்கள். இது முடிந்த முடிவு இல்லை. மற்ற விளக்கங்களைவிட ஏற்கத் தகுந்தது, அவ்வளவுதான். ரோமானி பேசியவர்கள் யார்? ஐரோப்பா முழுக்க ஊருக்குள் சேர்க்காமல் விரட்டப்பட்ட ரோமா மக்கள். சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள். அவர்கள் மொழி இந்தி, பஞ்சாபி, மராத்தி இருக்கிற அதே குடும்பம். இந்த விளக்கம் சரியென்றால், ஊரிலேயே கீழானவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் காசுப் பெயரைத்தான் ஊரிலேயே மேலானவர்கள் இன்று பட்டமாகச் சுமக்கிறார்கள்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது 'துட்டு'. எங்கள் பக்கத்துச் சொல். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் துட்டு என்று சொன்னதற்காகத் தலையில் குட்டு வாங்காத பையன் எங்கள் தெருவில் கிடையாது. பணம் என்று சொல்ல வேண்டும். துட்டு என்று சொன்னால் சேரிப் பேச்சு. ஆனால் துட்டு எங்கிருந்து வந்தது? டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்புக் காசிலிருந்து. மதராஸில் இங்கிலீஷ்காரன் கோட்டை கட்டுவதற்கு முன்பே, இதே கடற்கரையில் வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஜெல்ட்ரியா கோட்டை 1613இல் கட்டியது. புனித ஜார்ஜ் கோட்டை 1640களில்தான் எழும்புகிறது. ஆக, துட்டும் செப்புக் காசு, அநேகமாக பாஷும் செப்புக் காசு. ஒன்று தேம்ஸ் கரையில் புழங்கி, துரைமார் வாய்க்குப் போய், திருவான்மியூர் அபார்ட்மெண்டுக்குக் குடிவந்துவிட்டது. இன்னொன்று எங்களோடு காசிமேட்டில் இருந்துவிட்ட குற்றத்துக்காக இன்னும் குட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது.

'மெட்ராஸ் பாஷை' என்று பெயர் வைத்து எங்கள் பேச்சை இரண்டு விதமாக நடத்துகிறார்கள். படத்தில் வந்தால் கைதட்டல், நேர்முகத் தேர்வில் வந்தால் வாய்ப்பு போச்சு. நாஸ்தா, பேஜார், மஜா, பேமானி எல்லாம் உருது வழியாக வந்தவை. நைனா தெலுங்கு. கஸ்மாலத்துக்கு வேர் சமஸ்கிருதம் என்கிறார்கள். துறைமுகமும் மில்லும் ரயிலும் இருந்த இடத்தில், வேலைக்கு வந்து சேர்ந்த அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் புரிய வேண்டி உருவான பேச்சு இது. உலகத்தில் எந்தத் துறைமுக ஊரும் இப்படித்தான் பேசும்.

இங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களும் உண்டு. இரண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று கட்டுமரம். 17ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே ஆங்கிலப் பயணக் குறிப்புகளில் 'கேட்டமரான்' வந்துவிட்டது. நாலைந்து மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டி, துடுப்பை எடுத்துக்கொண்டு அலைமேல் ஏறுகிற அந்த எளிய தெப்பத்தின் பெயர், இன்று ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. கோடீஸ்வரர்கள் விடுமுறைக்குப் போகிற உல்லாசப் படகுகளில் பல இந்தப் பெயர் தாங்கியவை. இன்றைக்கு காசிமேட்டில் ஃபைபர் படகு வந்து கட்டுமரம் குறைந்துபோனது. பெயர் மட்டும் பணக்காரத் துறைகளில் மிதக்கிறது.

இன்னொன்று 'பரையா'. பறையர் என்ற பெயரிலிருந்து 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போனது. ஒதுக்கப்பட்டவன், தீண்டக்கூடாதவன் என்ற பொருளில் இன்றைக்கும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் இதைக் கூசாமல் எழுதுகின்றன. ஏதாவது ஒரு நாட்டை உலகம் ஒதுக்கினால் அந்த நாட்டுக்கு இந்த அடைமொழி. எழுதுகிறவர்களுக்கு அது உயிரோடு இருக்கிற லட்சக்கணக்கான மனிதர்களின் பெயர் என்ற நினைப்பே இருப்பதில்லை. ஒரு பெயரை எப்படித் திருப்பி வாங்குவது என்று இந்த ஊர் ஆட்கள் அப்போதே யோசித்திருக்கிறார்கள். 1893இல் தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எதைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பில் போட்டார். இன்னொரு தலித் தலைவரான எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். அரசு ஆவணங்களில் அந்தப் பெயருக்குப் பதில் ஆதி திராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை 1922இல் மதராஸ் சட்டசபையில் நிறைவேற வைத்தார். இரண்டுமே சொல்லின் மேல் நடந்த போராட்டம்தான். சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் இவர்கள் இருவரைத்தான் காட்டுவேன்.

இங்கிலாந்தில் 'பாஷ்' இன்றைக்கு எப்படிப் புழங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே அது பெரும்பாலும் பேச்சின் உச்சரிப்பையும் படித்த பள்ளியையும் பற்றிய சொல். கீழே இருக்கிறவர்கள் மேலே இருக்கிறவர்களைப் பார்த்துச் சொல்வது. கொஞ்சம் கிண்டல் சேர்ந்திருக்கும். 'நீ ரொம்ப பாஷ்' என்று ஒருவரிடம் சொன்னால் அவர் அவசரமாக மறுப்பார். 1954இல் ஆலன் ராஸ் என்ற மொழியியல் பேராசிரியர், ஆங்கிலேய மேல்தட்டினர் எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்டது: உண்மையான மேல்தட்டினர் பழைய, எளிய சொற்களையே சொல்கிறார்கள், அவர்களைப்போல ஆக விரும்புகிற நடுத்தட்டினர்தான் நாகரிகமான சொற்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். நம் ஊருக்கு வந்தபோது இந்தச் சொல் கிண்டலைக் கழற்றி வைத்துவிட்டது. இங்கே அது முழுக்க முழுக்கப் பாராட்டு. மேலே போனவர்கள் தங்களைப் பற்றியே சொல்லிக்கொள்கிறார்கள், விளம்பரம் செய்கிறார்கள், அதை வைத்து வாடகை ஏற்றுகிறார்கள்.

அலுவலகங்களில் இப்போது வேறொரு 'பாஷ்' இருப்பதையும் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். 'பாஷ் கமிட்டி', 'பாஷ் டிரெய்னிங்'. கப்பல் டிக்கெட்டின் முதலெழுத்துக் கதை பொய். இது நிஜமாகவே முதலெழுத்துகளால் ஆனது: 'பிரிவென்ஷன் ஆஃப் செக்சுவல் ஹராஸ்மென்ட்'. வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு இந்தச் சொல்லால் ஏதாவது உபயோகம் உண்டென்றால் அது இந்தப் பொருளில்தான்.

ஊர் வரைபடத்துக்குத் திரும்ப வருகிறேன். தி. நகர் என்றால் நகைக்கடை, பட்டுக்கடை, பெரிய பங்களாக்கள். தி. நகரில் இருக்கிற 'தி' யார்? சர் பிட்டி தியாகராயர். 1852இல் பிறந்தவர், 1916இல் உருவான நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவர், 1920 தேர்தலில் கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி வேண்டாம் என்றவர். அவர் வாழ்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில். நெசவுத் தொழிற்கூடம் வைத்திருந்ததும் இங்கேதான். 1950இல் தொடங்கிய தியாகராயர் கல்லூரி என் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. வடசென்னைக்காரர் பெயரைத் தென்பக்கத்துப் பேட்டைக்கு வைத்து, அந்தப் பேட்டையில் நின்றுகொண்டு வடசென்னையை லோக்கல் என்கிறார்கள்.

இன்னும் பழைய கோடு ஒன்று உண்டு. கோட்டைக்குள் இருந்தது வெள்ளைப் பட்டணம். கோட்டைக்கு வடக்கே இருந்தது கறுப்புப் பட்டணம். வரைபடங்களிலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது ஜார்ஜ் டவுன் ஆனது. பெயர் போனாலும் கோடு போகவில்லை. மாநகரம் வளர வளர, கோடு கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து பேசின் பிரிட்ஜுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பியது எங்கள் பக்கத்து ராயபுரத்திலிருந்து. இந்தியாவில் முறையான முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களால் உருவானது. தமிழ்நாட்டிலேயே ஒரே பார்சி கோயில் 1910லிருந்து ராயபுரத்தில் இருக்கிறது. பெரம்பூர் ரயில்வே காலனிகளில் ஆங்கிலமே வீட்டு மொழியாக இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். இங்கிலீஷ் எங்கள் பக்கம் புதிதாக இறக்குமதியான சரக்கு அல்ல. அனல்மின் நிலையமும் குப்பைமேடும் எண்ணெய்க் கிடங்கும் மட்டும்தான் புதிதாக எங்கள் தலையில் கொண்டுவந்து வைத்தவை. ஊரின் அழுக்கையெல்லாம் ஒரு பக்கம் கொட்டிவிட்டு, மிச்ச பக்கத்துக்கு பாஷ் என்று பெயர் வைத்துக்கொள்வது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

நல்லா இருக்கிற ஒன்றை நாங்கள் என்ன சொல்வோம்? எங்கள் அத்தை காசிமேட்டில் மீன் விற்கிறார். அவருக்கு ஒரே சொல்தான்: சோக்கு. உருதுவில் ஆசை, விருப்பம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பளபளவென்று கண் தெளிந்த வஞ்சிரம் வந்தால், "மீனு சோக்காகீது". அண்ணன் பையன் பி.காம். பாஸ் செய்தபோதும் சோக்கு. ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியும் சோக்கு. மெட்ரோவில் முதல்முறை ஏறி உட்கார்ந்தபோது, ஏசிக் காற்று முகத்தில் பட்டதும், "இன்னா சோக்காகீதுபா" என்றார். இதில் யாரும் கீழே இல்லை. கிடைத்தது மனதுக்குப் பிடித்திருக்கிறது, அதோடு சரி. 'கெத்து' என்று இன்னொன்று இருக்கிறது. அதில் உயரம் உண்டு, ஆனால் பிறப்பால் வருகிற உயரம் இல்லை. 2024இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த புதுவண்ணாரப்பேட்டை காசிமா கெத்து. ஆட்டோ ஓட்டுகிற அவர் அப்பாவும் கெத்து. சம்பாதித்துக்கொள்கிற சொல் அது.

போன மாதம் ஒருவர் கடைக்கு வந்தார். தண்டையார்பேட்டையில் சொந்த இடத்தில் நாலு வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். நோட்டீஸ் மேட்டரில் முதல் வரியே 'பாஷ் லொக்கேஷன், டீசன்ட் ஃபேமிலிக்கு மட்டும்'. "அண்ணே, இந்த ரெண்டையும் எடுத்துடலாமா?" என்று கேட்டேன். ஏன் என்றார். திருவான்மியூர்த் தரகர் எங்களிடம் கேட்ட கேள்வியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் புரூஃபையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பசங்களையே நாமளே கேக்குற மாரி ஆயிடும்ல" என்றார். அடித்துவிட்டு வேறு எழுதினோம்: மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம். மெட்ரோ வாட்டர் உண்டு. மழைக்குத் தண்ணி நிக்காது. பைக் நிறுத்த இடம் உண்டு. அசைவம் சமைக்கலாம். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.